பிரசங்கியின் சொல்லும் மின்கித்தாரும்

வேதப்பகுதி ஒன்று பாடலாகும்போது அதன் பொருள் காக்கப்படுகிறதா, மாற்றப்படுகிறதா என்பது அருளுரையாற்றும் அனைவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய வினாவாகும். இதற்கு விடை காணத் திருச்சபைக்கு வெளியே பிறந்த பாடல் ஒன்றை இங்கு ஆராய்வோம். பிரசங்கியின் நூல் மூன்றாம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களைக் கொண்டு பீட் சீகர் அமைத்ததும், 1965-இல் பர்ட்ஸ் என்னும் குழுவினரால் உலகெங்கும் பரவியதுமான "டர்ன்! டர்ன்! டர்ன்!" என்பதே அது.

இப்பாடல் ஃபோக்-ராக் எனப்படும் இசைவகையைச் சார்ந்தது. நாட்டுப்புறப் பாடலும் மின்கருவிகளின் ராக் இசையும் இணைந்ததே இவ்வகை. இதன் வேர் ஆழமானது. 1930-களில் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பயணஞ்செய்து, உழைப்பாளரும் கைதிகளும் பாடியவற்றைப் பதிவுசெய்தனர். 1933-இல் லூசியானாவின் அங்கோலாச் சிறையில் அவர்கள் கண்டறிந்த கறுப்பினப் பாடகரே லெட்பெல்லி. அவர் 1949-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் பாடிவந்த "குட்நைட் ஐரீன்" என்னும் பாடலை வீவர்ஸ் குழுவினர் நாடறியச் செய்தனர். அக்குழுவில் ஒருவர் சீகர். 1955-இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழு தம் அரசியல் தொடர்புகளைப்பற்றி வினவியபோது அவர் விடையளிக்க மறுத்தார். 1961-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. 1962-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

1964-இல் இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு பழைய நாட்டுப்பாடல் ஒன்றை மின்கருவிகளுடன் பாடியது. மறு ஆண்டு பர்ட்ஸ் குழு பாப் டிலனின் பாடலைப் பன்னிரு தந்தி மின்கித்தாருடன் பாடி முதலிடம் பெற்றது. 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் டிலனே மின்கித்தாருடன் மேடையேறியபோது கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. சீகரும் சினந்தார். ஒலியின் சிதைவால் பாடலின் சொற்கள் கேட்கவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று அவர் பின்னாளில் விளக்கினார். ஆகவே அவர் முன்வைத்த அளவுகோல் கருவியன்று; சொல்லே. அவ்வளவுகோலின்படி பர்ட்ஸ் குழுவினர் தேறுகின்றனர். அவர்களுடைய கூட்டுக்குரலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் அவர்கள் பாடிய சீகரின் பாடல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அமெரிக்கப் போர்ப்படைகள் வியட்நாமில் இறங்கியதும் அதே ஆண்டில்தான் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இனி, அச்சொல்லுக்கு நேர்ந்தது என்ன? சீகர் தம் சொற்களாகச் சேர்த்தவை மிகச் சிலவே. ஆயினும் வேறுபாடு பெரிது. பிரசங்கி இன்பத்தையும் துன்பத்தையும் சமமாக நிறுத்துகிறார். யுத்தத்திற்கும் காலமுண்டு, சமாதானத்திற்கும் காலமுண்டு என்பது அவர் கண்ட உண்மை. சீகரும் இவ்விணையை ஒருமுறை பாடுகிறார். ஆனால் இறுதியில் யுத்தத்தை விட்டுவிட்டுச் சமாதானத்தை மட்டும் நிறுத்தி, அதற்குக் காலம் கடந்துவிடவில்லை எனத் தம் உறுதியையும் சேர்க்கிறார். தராசின் ஒரு தட்டு தாழ்கிறது; ஞானியின் கூற்று மன்றாட்டாகிறது. மேலும், மௌனத்திற்கும் பேச்சுக்கும் காலமுண்டு என்னும் இணை இப்பாடலில் இல்லை. மௌனங்காத்ததற்காகவே வழக்கைச் சந்தித்தவரின் பாடலில் இக்குறை வியப்புக்குரியது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பிரசங்கி எட்டாம் வசனத்தோடு நிற்கவில்லை. பாடுபடுகிறவனுக்குப் பலன் என்ன என்று ஒன்பதாம் வசனத்தில் வினவி, ஒவ்வொன்றையும் அதனதன் காலத்தில் அழகுறச் செய்கிறவர் கடவுளே என்று பதினோராம் வசனத்தில் அறிக்கையிடுகிறார். காலங்களின் பட்டியல் பாடலில் உண்டு. காலங்களை ஆளுபவர் இல்லை.

எனவே நம் தீர்ப்பு இரு பகுதியானது. வேதவிளக்கம் என்னும் முறையில் இப்பாடல் குறையுடையது. விண்ணப்பம் என்னும் முறையில் அது நிலைநிற்கும். வாள்களை மண்வெட்டிகளாக அடிக்கும் காலத்தைக் கண்ட ஏசாயாவின் நம்பிக்கைக்கு அது அயலானதன்று. சீகர் பிரசங்கியிடம் சொற்களைப் பெற்றுத் தீர்க்கதரிசியின் பக்கம் சாய்ந்தார் எனலாம்.

இப்பாடலைக் குறைகூறுமுன் நம் பிரசங்கபீடங்களையும் நோக்குதல் நலம். அடக்க ஆராதனைகளில் இதே எட்டு வசனங்களை வாசித்து, எல்லாவற்றிற்கும் காலமுண்டு என்று ஆறுதல் கூறி, அங்கேயே முடித்துவிடுகிறோம். ஒன்பதாம் வசனத்தின் கேள்வி துக்கிப்பவர் நெஞ்சில் எழுந்து நிற்கிறது. நாமோ அதை வாசிப்பதில்லை. சீகராவது தாம் நின்ற இடத்தில் சமாதானத்திற்கான மன்றாட்டொன்றைச் சேர்த்தார். வாசித்ததோடு நின்றுவிடும் நாம் சேர்ப்பது யாது?