உரிமை வேண்டும், பெயர் வேண்டாம்

வேலைக்குப் போக வேண்டும், சம்பளம் தன் கணக்கில் இருக்க வேண்டும், துணையைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், சமையலில் கணவனும் பாதி சுமக்க வேண்டும். கல்லூரி முடித்து வரும் இளம்பெண்கள் பலர் இவற்றைத் தயங்காமல் சொல்கிறார்கள். "அப்போ நீ பெண்ணியவாதியா?" என்று கேட்டால்தான், "ஐயோ, அப்படியெல்லாம் இல்லை" என்கிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. இந்தத் தயக்கத்துக்குள் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது.

நம் சினிமா அந்தக் கணக்கை நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 1972இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா', 1992இல் வந்த 'மன்னன்' இரண்டிலும் படித்த, செல்வாக்குள்ள பெண் திமிர் பிடித்தவள். அவள் அடங்குவதே கதையின் சுபம். அதே பாடம் இன்று வரன் பேசும் இடங்களில் "ரொம்பப் பேசுற பொண்ணு" என்ற ஒற்றை வரியாக வருகிறது.

சொத்து விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்தியது. 2005இல் அது நாடு முழுவதற்குமானது. ஆனாலும் எத்தனையோ அக்கா தங்கைகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும்; பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வராது; புகுந்த வீட்டில் ஒரு துன்பம் என்றால் போய் நிற்க இடமிருக்காது. உறவைக் காப்பாற்ற அம்மா சொத்தை விட்டுக்கொடுத்தாள். அதே உறவுக்காக மகள் பெண்ணியவாதி என்ற பெயரை விட்டுக்கொடுக்கிறாள். இருவரும் தங்கள் நிலைமையைச் சரியாகவே கணித்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணம் பெண்ணியத்தை நோக்கியே விரல் நீட்டுகிறது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, சாதியும் வறுமையும் சேர்ந்து நசுக்கும் வாழ்க்கையை ஒரு தலித் பெண்ணே எழுதினாள். அந்த வாழ்க்கையைப் பேசாத மேடைகள் இங்கே நிறைய இருந்தன, இன்றும் இருக்கின்றன. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கூலியையும் விடுப்பையும் பற்றி வாய் திறக்காதவர்கள் சமத்துவம் பேசினால், அந்தப் பெண்ணின் மகள் விலகி நிற்பதில் நேர்மை உண்டு.

ஆனால் இந்த விலகலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது ஒவ்வொரு பெண்ணையும் தனியாகப் பேரம் பேச வைக்கிறது. அப்பா நல்லவராக இருந்தால் படிப்பு, கணவன் நல்லவனாக இருந்தால் வேலை என்று உரிமை மறுபடியும் தயவாகிவிடுகிறது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். அது சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலம் முழுவதும் வசவை வாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர்களால்தான் இன்றைய பெண் தன் விருப்பத்தைச் சாதாரணமாகச் சொல்கிறாள்.

துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற விற்பனைப் பெண்களின் கதையும் இதுதான். உட்கார இருக்கை கேட்டு ஒருத்தி தனியாக நின்றிருந்தால் வேலை போயிருக்கும். கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பினர் சேர்ந்து கேட்டார்கள். 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின.

விலகுகிறவர்கள் அறியாமல் செய்யும் தீங்கும் ஒன்று உண்டு. "நான் அவளை மாதிரி இல்லை" என்ற பேச்சு, துணிந்து புகார் கொடுத்தவளைத் தனிமைப்படுத்துகிறது; அவளைத் தாக்குகிறவர்களுக்கு ஆயுதமாகிறது.

ஆகவே பிறர் தயவில் வாழும் பெண்ணிடம் போய், இந்தப் பெயரை ஏற்றுக்கொள் என்று வற்புறுத்துவது அநியாயம். நிலையான சம்பளமும் பதவியும் மேடையும் உள்ள ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள்தான் முதலில் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்வதோடு நிற்காமல், விற்பனைப் பெண்ணின் இருக்கைக்கும் வீட்டுப் பணிப்பெண்ணின் விடுப்புக்கும் சாதி கடந்து மணந்தவளின் உயிருக்கும் முன்னால் நிற்க வேண்டும். தாங்கக்கூடியவர்கள் முதலில் விலை கொடுத்தால்தான், மற்றவர்களுக்கு அந்த விலை குறையும்.