மருத்துவர் சதாவோவின் இரு மனம்

அமெரிக்காவும் ஜப்பானும் பொருதிக்கொண்டிருந்த 1942இல் வெளிவந்த சிறுகதை, பேர்ல் பக்கின் ‘பகைவன்’. 1938இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் அவர். ஜப்பானியக் கடற்கரையில் ஒதுங்கிய அமெரிக்க மாலுமியைச் சதாவோ என்னும் ஜப்பானிய மருத்துவர் காப்பாற்றுகிறார். இதனை மனிதநேயத்தின் வெற்றி என்று புகழ்வோர் உளர். நமக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. அவனை மீண்டும் கடலில் தள்ளிவிடுவதே நலமென்று அவர் முதலில் எண்ணத்தான் செய்கிறார். ஆயினும் குருதி பெருகும் காயத்தைக் கண்டதும், மனம் முடிவு செய்யுமுன் கை முந்திக்கொள்கிறது. பணியாளர்கள் வீட்டை விட்டு அகல்கின்றனர். அவன் உடலைக் கழுவக் குழந்தையின் தாதி மறுக்க, மனைவி ஹானாவே அருவருப்பை அடக்கிக்கொண்டு கழுவுகிறாள். இவ்விடம் அருமை!

பின்னர் நிகழ்வதே நம்மை உலுக்குகிறது. தாம் பிழைக்கவைத்த உயிரைக் கொலையாளிகள் வந்து பறித்துச் செல்ல, தளபதியிடம் அதே மருத்துவர் இசைவு தருகிறார். அவர்கள் வராதபோதுதான் படகு கொடுத்துத் தப்பவிடுகிறார். தளபதியோ தம் நோயின் வேதனையில் வாக்கை மறந்துவிட்டாராம்! அவிழ்க்க வேண்டிய முடிச்சை ஆசிரியர் அறுத்துவிட்டார் என்றே சொல்வோம்.

இன்னுமோர் ஐயம். காப்பாற்றியவர் அமெரிக்க மருத்துவராகவும் பிழைத்தவன் ஜப்பானிய மாலுமியாகவும் இருந்திருந்தால், அவ்வாண்டில் அமெரிக்க வாசகர் இக்கதையை எவ்வாறு ஏற்றிருப்பர்?