முன்னோடி யார்?

'பங்க்' என்னும் முரட்டு இசை 1976-இல் மேனாட்டை உலுக்கியது. அறுபதுகளின் 'சைக்கடெலிக்' ராக் குழுக்களே அதற்கு முன்னோடி என்பர். இக்கூற்றில் பாதியே உண்மை.

டெக்சஸ் மாநிலத்து 'தர்ட்டீன்த் ஃபுளோர் எலிவேட்டர்ஸ்' குழுவை நோக்குக. 1966-இல் வந்த அதன் முதல் இசைத்தட்டில் ராக்கி எரிக்சனின் பாட்டு அலறலை நெருங்குகிறது. டாமி ஹால் ஒரு சாடியின் வாயில் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். (நம் கடம்போல் தட்டுவதன்று.) ஆயின், தட்டின் உறையில் அவர் எழுதியதோ மனத்தை விரிவாக்கும் தத்துவம்! லென்னி கே 1972-இல் வெளியிட்ட 'நக்கெட்ஸ்' திரட்டு, மறக்கப்பட்ட இத்தகைய பாடல்களை மீண்டும் செவிக்குக் கொணர்ந்தது. பின்வந்தோர் அலறலைக் கைக்கொண்டனர், தத்துவத்தைக் கைவிட்டனர். குரலுக்கு முன்னோடி எனலாம், கருத்துக்கு அன்று.

பிரிக்பீல்ட்ஸ் வாசகருக்கு இதனினும் அணித்தான சான்று உண்டு. கோலாலம்பூர் 'பொயட்டிக் அம்மோ' குழுவின் 1998-ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் ஆகிய மொழிகளில் சொல்லிசை உண்டு. அக்குழுவின் யோகி பி, 'நட்சத்ரா'வுடன் 2006-இல் தந்த 'வல்லவன்' தமிழையே முன்னிறுத்தியது. தமிழுக்கு அது பேறுதான். எனினும், நால்வகை மக்களையும் ஒருங்கே அழைத்த பழைய துணிவு அதில் குன்றியதை 'வல்லவ'னைப் போற்றுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.