சொந்த ஊரில் ராஜா, நாட்டளவில் யாரோ

1978-இல் நியூயார்க் யாங்கீஸும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் மோதிய, பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஒவ்வோர் ஆட்டத்தையும் சராசரியாக 4 கோடியே 40 லட்சம் அமெரிக்கர்கள் டிவியில் பார்த்தார்கள். அன்றைய மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர். 2023-இல் அரிசோனா டயமண்ட்பேக்ஸை வீழ்த்தி டெக்சஸ் ரேஞ்சர்ஸ் முதன்முறையாகப் பட்டம் வென்றபோது அந்தச் சராசரி 91 லட்சம். ஏறக்குறைய 37 பேரில் ஒருவர். வேர்ல்டு சீரிஸை இவ்வளவு குறைவான பேர் பார்த்த ஆண்டு அதற்கு முன் இருந்ததில்லை.

இந்த இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேஸ்பாலுக்கு இரங்கல் எழுதியவர்கள் ஏராளம். அவர்கள் பார்க்காமல் விட்ட கணக்கு ஒன்று உண்டு. 1978 சீசன் முழுவதிலும் மைதானங்களுக்கு வந்தவர்கள் சுமார் 4 கோடி பேர். 2023-இல் வந்தவர்கள் 7 கோடிக்கும் மேல். இடையில் அணிகள் 26-லிருந்து 30 ஆனதைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய வளர்ச்சிதான். 2024-இல் மேஜர் லீக் பேஸ்பாலின் வருமானம் 1,200 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜுவான் சோட்டோ என்ற ஒரே பேட்டருக்கு, 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தர நியூயார்க் மெட்ஸ் அணி கையெழுத்திட்டது. செத்துக்கொண்டிருக்கும் தொழிலில் யாரும் இப்படிப் பணம் கொட்டுவதில்லை.

ஆக, பேஸ்பால் இழந்தது ரசிகர்களை அல்ல, நாட்டை. சிகாகோவிலும் செயின்ட் லூயிஸிலும் அது இன்னும் ஊர்த் திருவிழா. ஆனால் செயின்ட் லூயிஸ்காரருக்கு சியாட்டில் அணியில் யார் ஆடுகிறார்கள் என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கேலப் நிறுவனம் 1948-இல் கேட்டபோது தங்களுக்குப் பிடித்த விளையாட்டு பேஸ்பால் என்றவர்கள் 39 சதவீதம். 2017-இல் அது 9 சதவீதம். அமெரிக்கக் கால்பந்துக்கு 37.

காரணம் கேட்டால் எல்லோரும் சொல்லும் முதல் பதில், ஆட்டம் இழுவை என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2021-இல் ஓர் ஆட்டம் முடியச் சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஆனது. நேரம்கூடப் பரவாயில்லை, அந்த நேரத்தில் நடந்தது என்ன என்பதுதான் கொடுமை. ஓக்லாண்ட் அணி 2002-இல் புள்ளிவிவரங்களை நம்பி ஏழைக் கையிருப்போடு தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்று காட்டியது. அதன் பிறகு எல்லா அணிகளும் கணக்குப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தன. பந்தைத் தட்டிவிட்டு ஓடுவதைவிட ஹோம் ரன்னுக்குச் சுழற்றி, பட்டால் படட்டும், படாவிட்டால் ஸ்ட்ரைக் அவுட் ஆகட்டும் என்பதே லாபம் என்று கணக்கு சொன்னது. 2018-இல், மேஜர் லீக் வரலாற்றில் முதன்முறையாக ஒரு சீசனின் ஸ்ட்ரைக் அவுட்கள் (41,207) ஹிட்களைவிட (41,018) அதிகமாயின. பந்தை அடித்து பேஸை எட்டுவதைவிட அடிக்காமலே வெளியேறுவது அதிகம் என்றால் மைதானத்தில் நிற்கும் மற்ற வீரர்கள் எதற்கு?

அதே கணக்கு பிட்சரையும் விட்டுவைக்கவில்லை. 1975-இல் கேட்ஃபிஷ் ஹன்டர் என்ற ஒருவர் மட்டும் 30 ஆட்டங்களில் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை தானே வீசினார். 2024-இல் முப்பது அணிகளின் எல்லா பிட்சர்களும் சேர்ந்தே 28 ஆட்டங்களைத்தான் அப்படி முடித்தார்கள். களைப்படைந்தவரைவிடப் புதியவர் மேல் என்பது சரியான தந்திரம்தான். ஆனால் இன்று யார் வீசுகிறார் என்று பார்த்து டிக்கெட் வாங்கிய ரசிகருக்கு, ஐந்தாவது இன்னிங்ஸோடு நாயகன் கிளம்பிவிடும் படம்தான் மிஞ்சுகிறது.

இந்த நோய்க்கு லீக் மருந்து கொடுத்தது, அதுவும் வேலை செய்தது. 2023-இல் பிட்ச் கிளாக் வந்தது. பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடி, இருந்தால் 20 விநாடிக்குள் பிட்சர் வீசத் தொடங்கிவிட வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. பேஸ்களின் அளவைப் பெரிதாக்கினார்கள். ஒரே பக்கம் ஃபீல்டர்களைக் குவிக்கும் தந்திரத்துக்குத் தடை போட்டார்கள். ஒரே ஆண்டில் ஆட்ட நேரம் 2 மணி 40 நிமிடமாக இறங்கியது. பிட்சர் வீசும் இடைவெளியில் ஓடித் திருடப்பட்ட பேஸ்கள் 2,486-லிருந்து 3,503 ஆயின. மைதானக் கூட்டமும் 60 லட்சம் போலக் கூடியது.

அந்த 2023-இல்தான் வேர்ல்டு சீரிஸ் அடிமட்டத்தைத் தொட்டது! ஆட்டம் பல ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு விறுவிறுப்பாக இருந்த சீசனின் இறுதிப் போட்டியை நாடு கண்டுகொள்ளவில்லை. இழுவைதான் முழுக் காரணம் என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது.

உண்மையான காரணம் ஆடுகளத்துக்கு வெளியே, ஒளிபரப்பு ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஐபிஎல்லில் வாரியம் உரிமையை மொத்தமாக விற்று அணிகளுக்குப் பங்கு பிரிக்கிறது. சென்னை ரசிகர் லக்னோ ஆட்டத்தையும் அதே திரையில் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கால்பந்து 1960களிலேயே இந்த வழிக்கு வந்துவிட்டது. ஒரு லட்சம் பேர் வசிக்கும் கிரீன் பே ஊரின் அணிக்கும் நியூயார்க் அணிக்கும் தேசிய டிவிப் பணத்தில் சம பங்கு. பேஸ்பாலிலோ, சில தேசிய ஒளிபரப்புகள் போக, அணிகள் தத்தம் ஆட்டங்களைத் தனித்தனியே உள்ளூர் கேபிள் சேனல்களுக்கு விற்றன. 162 ஆட்டங்கள் இருப்பதால் அது கொழுத்த வருமானம். டாட்ஜர்ஸ் 2013-இல் போட்ட 25 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 835 கோடி டாலர். விலை கட்டுப்படியாகாமல் மற்ற கேபிள், சாட்டிலைட் நிறுவனங்கள் அந்த ஆட்டங்களைக் காட்டிய சேனலை எடுக்க மறுத்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அணியின் குரலாக இருந்த வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் கடைசி சீசன்களை லாஸ் ஏஞ்சலிஸின் பெரும்பாலான வீடுகளில் பார்க்க முடியாமலே போனது. அந்தச் சிக்கல் 2020-இல்தான் தீர்ந்தது.

அயோவாவின் கதை இன்னும் வேடிக்கை. சொந்தமாக ஒரு மேஜர் லீக் அணிகூட இல்லாத மாநிலம் அது. ஆனால் சுற்றியுள்ள ஆறு அணிகள் அதைத் தங்கள் எல்லை என்று உரிமை கொண்டாடியதால், லீகின் இணையச் சேவைக்குப் பணம் கட்டியவருக்கும் அந்த ஆறு அணிகளின் ஆட்டங்கள் இருட்டடிப்பு. 2021-இல் அதே அயோவாவின் சோளக்காட்டில், ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ என்ற பேஸ்பால் படம் எடுத்த இடத்தருகே, லீக் ஒரு சீசன் ஆட்டம் நடத்திக் கண்கலங்கியது. இருட்டடிப்பைப் பற்றிப் பேச்சில்லை.

இப்படி வளர்ந்த விளையாட்டில் நாடறிந்த முகம் எப்படி உருவாகும்? மைக் டிரவுட் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை மூன்று முறை வென்றவர். தலைமுறையின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் ஒப்புக்கொண்டவர். ஆனால் மேற்குக் கரையிலுள்ள அவருடைய ஏஞ்சல்ஸ் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் தொடங்கும்போது நியூயார்க்கில் இரவு பத்து மணி. பிளே ஆஃபில் அவர் ஆடியதே மூன்று ஆட்டங்கள், 2014-இல். டிரவுட் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ள நேரம் ஒதுக்கவில்லை என்ற தொனியில் 2018-இல் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் பேசினார். கடையைப் பூட்டி வைத்துவிட்டுச் சரக்கைக் குறை சொன்ன கதை.

பிறகு ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹே ஒதானி டாட்ஜர்ஸுக்கு வந்தார். 2024-இல் டாட்ஜர்ஸும் யாங்கீஸும் மோதிய இறுதிப் போட்டியின் சராசரி 1 கோடியே 58 லட்சமாக ஏறியது. 2025-இல் டொரொண்டோவில் டாட்ஜர்ஸ் ஆடிய, 11 இன்னிங்ஸ் நீண்ட ஏழாவது ஆட்டத்தை அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மறுமலர்ச்சி என்று லீக் கொண்டாடுகிறது. ஒப்புக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. கூட்டம் வந்தது டாட்ஜர்ஸுக்கும் ஒதானிக்கும். ரேஞ்சர்ஸும் டயமண்ட்பேக்ஸும் மறுபடி மோதினால் இதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? வீரர்களின் சம்பளச் செலவு வரம்பைத் தாண்டியதற்காக 2025-இல் டாட்ஜர்ஸ் கட்ட வேண்டியிருந்த ஆடம்பர வரி மட்டும் சுமார் 16.9 கோடி டாலர். பல சிறிய அணிகளின் மொத்தச் சம்பளமே அதைவிடக் குறைவு.

பழைய கேபிள் வருமானமும் கரைகிறது. பல அணிகளின் ஆட்டங்களை ஒளிபரப்பி வந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. எல்லா அணிகளின் உரிமையையும் ஒன்றாகத் திரட்டி விற்க மேன்ஃப்ரெட் திட்டமிடுகிறார். டாட்ஜர்ஸ், யாங்கீஸ் போன்ற பணக்கார அணிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால்தான் அது நடக்கும். தேசிய ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 2028 சீசனோடு முடிகின்றன. அதற்கு முன்பே, 2026 டிசம்பர் 1 அன்று வீரர்களுடனான ஒப்பந்தம் காலாவதியாகிறது. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்ற பேச்சு முதலாளிகள் பக்கம் மீண்டும் எழுந்திருக்கிறது. 1994-இல் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, வேர்ல்டு சீரிஸே நடக்காமல் போனதும் இதே உச்சவரம்புத் தகராறில்தான்.