செலவழுங்கல்

பாலைத்திணையில் செலவழுங்கல் என்று ஒரு துறை இருக்கிறது. பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன், தலைவியின் முகத்தைக் கண்டு அன்றைக்குப் போகாமல் நின்றுவிடுவது. தொல்காப்பியர் இதற்கு ஒரு விளக்கமும் சொல்லி வைத்திருக்கிறார். அவன் நின்றது பயணத்தைக் கைவிடுவதற்காக அல்ல; அவளைத் தேற்றிவிட்டுப் பிறகு போவதற்காகத்தான். பல்கலைக்கழகத்தில் நான் இருந்த இரண்டு வருடங்களில் படித்தவற்றில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. இது மறக்கவில்லை. நிக்கொலா பூவியேயின் பயணநூலை வாசித்து முடித்த இரவு, இந்தத் துறைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பூவியே ஜெனீவாக்காரர். 1929 இல் பிறந்து 1998 இல் இறந்தவர். 1953 இல், தனது 24 ஆவது வயதில், பல்கலைக்கழகப் பரீட்சை முடிவுகளுக்குக்கூடக் காத்திராமல், ஒரு சின்ன ஃபியற் காரில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். பெல்கிரேட்டில் அவரது நண்பரான ஓவியர் தியெரி வெர்னே காத்திருந்தார். இருவரிடமும் இருந்த காசு நான்கு மாதத்துக்குத்தான் போதும். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று போன அந்தப் பயணம், 1954 டிசெம்பரில் கைபர் கணவாயில் பூவியே தனியே நிற்பதோடு நூலில் முடிகிறது. 'லூசாஜ் து மோந்த்' என்ற அந்த நூலை 1963 இல் அவர் தன் சொந்தக் காசிலேயே வெளியிட்டார். உலகத்தைப் புழங்கும் விதம் என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இன்று பிரெஞ்சு மொழியில் நீண்ட பயணத்துக்கு ஆசைப்படும் இளைஞர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு வேதப்புத்தகம்.

பிளான்பலே பழஞ்சாமான் சந்தையில் அதன் பழைய பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தது. றெஸ்ரோறன்ற் அடுப்படி வேலை முடிந்து வந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு மாரிகாலம் முழுக்க வாசித்தேன்.

ஐரோப்பியர் கீழைத்தேயம் பற்றி எழுதியவற்றை நாம் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறோம். அப்படித்தான் வாசிக்கவும் வேண்டும். ஆனால் பூவியேயிடம் அந்தச் சந்தேகம் மெல்லக் கரைகிறது. காரணம், இவர்கள் போன இடமெல்லாம் உழைத்துச் சாப்பிட்டவர்கள். வெர்னே படம் விற்கிறார். பூவியே தப்ரீஸ் நகரில் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். குவெட்டாவில் இருவரும் ஒரு மதுச்சாலையில் வாத்தியம் வாசிக்கிறார்கள். அங்கேதான் பூவியே அந்த மாரி முழுக்க எழுதிய கையெழுத்துப் பிரதியை வேலைக்காரப் பையன் குப்பையென்று நினைத்து எறிந்துவிடுகிறான். இருவரும் நகரத்தின் குப்பைமேட்டில் இறங்கித் துழாவுகிறார்கள். தினமும் இரவு குப்பை வாளிகளைக் கட்டி வெளியே வைக்கும் எனக்கு, அந்தப் பக்கங்களின் நாற்றம் நன்றாகவே புரிந்தது.

இவ்வளவு பிடித்த நூலில் எனக்கு முரண்பாடு எங்கே வருகிறது? காபூலில் வருகிறது.

காபூலில் வெர்னே பிரிந்து போகிறார். அவருடைய காதலி ஃபுளோரிஸ்தெல்லா ஸ்தெபானியைச் சந்திக்க, வேறெங்குமல்ல, எங்கள் இலங்கைக்குப் போகிறார். 1955 இல் அங்கேயே அவர்கள் திருமணம் செய்துகொள்கிறார்கள். நண்பர்கள் பிரியும் இடத்தைப் பூவியே அடக்கத்தோடு எழுதுகிறார். ஆனால் அத்தனை மாதங்களும் காத்திருந்த அந்தப் பெண், நூலின் ஓரத்தில் வந்துபோகிற ஒரு பெயர் மட்டுந்தான். அவரும் ஓவியர். தன் தொழிலைப் பற்றி அவருக்கும் கவலைகள் இருந்திருக்கும். ஒருவர் தெருவில் நிற்கும்போது மற்றவர் என்ன செய்தார், எதை ஒத்திவைத்தார் என்ற கேள்விக்கு நூலில் இடமில்லை. இதைப் பூவியேயின் தனிப்பட்ட குறை என்று நான் சொல்லவில்லை. இந்த வகை எழுத்தின் இலக்கணமே இப்படித்தான். புறப்படுகிறவனின் பார்வையில் எழுதப்படும் நூலில், நிற்கிறவர் ஒரு தபால் முகவரியாகிவிடுகிறார்.

இதன் மறுபக்கத்தையும் பூவியேயே எழுதினார் என்பது அவரது நேர்மை. வெர்னே தம்பதியர் ஐரோப்பா திரும்பிவிட, அவர் காலி நகரில் மாதக்கணக்கில் தனியே தங்கினார். காய்ச்சல், வெக்கை, அறை முழுக்கப் பூச்சிகள். காதலியின் பிரிவுக் கடிதமும் அங்கேதான் வந்து சேர்கிறது. அதைப் பற்றிய 'தேள்மீன்' என்ற சிறிய நூலை எழுதி வெளியிட அவருக்குக் கால் நூற்றாண்டு சென்றது. 1980களின் தொடக்கத்தில்தான் அது வந்தது. முதல் நூலின் வெளிச்சம் அதில் இல்லை. தனக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லாதபோது பயணம் என்னவாகிறது என்பதை அதுபோலச் சொன்ன நூலை நான் வாசித்ததில்லை. முதல் நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இரண்டாவதையும் கூடவே வாசிக்க வேண்டும். நிற்பவரின் பெறுமதி அங்கேதான், அவர் இல்லாமற் போனதன் மூலம், தெரியவருகிறது.

எங்கள் பாலைப்பாட்டுகள் இந்த விடயத்தில் முன்னே நிற்கின்றன. அங்கே பேசுவது பெரும்பாலும் நிற்பவள்தான், அல்லது அவளது தோழி. காடும் வெயிலும்கூட அவளது பயத்தினூடாகவே வருகின்றன. ஆனால் இதைச் சொல்லிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க முடியாது. குறுந்தொகையின் 135 ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. ஆண்களுக்குத் தாம் செய்யும் தொழிலே சீவன், வீட்டிலிருக்கும் பெண்களுக்கோ அந்த ஆண்களே சீவன் என்ற கருத்து அதில் வருகிறது. இதை முன்பு சொன்னவரே அவர்தான், ஆகவே போகமாட்டார், அழாதே என்று தோழி தேற்றுகிறாள். நிற்பவளுக்குக் குரல் இருக்கிறது; தொழில் இல்லை. அவள் இழக்கக்கூடியது அவனை மட்டுமே. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்றும் தொல்காப்பியம் விதித்திருக்கிறது. கடல் தாண்டி வந்த எங்கள் பெண்கள் அந்த விதியை எப்போதோ மீறிவிட்டார்கள். எங்கள் எழுத்துத்தான் இன்னும் மீறவில்லை.

புலம்பெயர்ந்த வீடுகளில் இன்று வினை இருவருக்கும் உண்டு. என் வீட்டையே சொல்கிறேன். என் துணைவி ஊரில் ஆசிரியையாக இருந்தவர். அந்தத் தகைமை இங்கே செல்லவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் பராமரிப்பு உதவியாளர் பயிற்சியை முடித்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். இப்போது 34 வயதில், மூன்று வருடத் தொழிற்பயிற்சி ஒன்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். பிரெஞ்சில் அறிக்கை எழுத வேண்டும். இடையில் விட்டால் இன்னொருமுறை கிடைக்குமா என்ற பயம் அவருக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் நான் பூவியேயை வாசித்துவிட்டு, ஒரு வருடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தரைவழியாகக் கிழக்கே போனால் என்ன என்று கேட்டேன்.

"போட்டு வாங்கோ, நான் மறிக்கேல்லை," என்றார். பிறகு, "ஆனா ரெண்டு பேரும் போறதெண்டா, திரும்பி வரேக்கை எனக்கு என்ன இருக்கும் எண்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ," என்றார்.

அது வெறும் மனக்கவலை அல்ல, சட்டமும்கூட. சுவிஸ் நாட்டை விட்டு ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே நின்றால் எங்கள் வதிவிட அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். அகதிகளுக்கான பிரயாணப் பத்திரத்தோடு பல நாடுகளுக்கு விசா கேட்டு வரிசையில் நிற்கலாம். சொந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. 1955 இல் பூவியே சும்மா காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்த தீவு, எனக்கு அந்தப் பத்திரத்தில் மூடப்பட்டிருக்கிறது. அவர் வறியவராகப் பயணம் செய்தார் என்பது உண்மை. ஆனால் வறியவனின் காசும் செல்வந்த நாட்டின் கடவுச்சீட்டும் ஒரே சட்டைப்பையில் இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்படு என்ற அறிவுரை, விட்டதைத் திரும்பப் பெறக்கூடியவர்களுக்கு எழுதப்பட்டது.

அப்படியென்றால் இந்த நூல் எங்களுக்கு உதவாதா? நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டாம் முறை வாசித்தபோது ஒன்று தெளிவாகியது. நூலின் மிகச் சிறந்த பகுதி ஓடும் பகுதி அல்ல, நிற்கும் பகுதி. தப்ரீஸில் பனி வழிமறிக்க, மாதக்கணக்கில் ஒரே நகரில் அடைபட்டுக் கிடந்தபோதுதான் அவர்கள் மனிதர்களை அறிகிறார்கள். காலியும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணம் நடந்தது ஒன்றரை வருடம். 1956 இல் ஊர் திரும்பிய பின் நூல் உருவாக ஆறேழு வருடம். அதற்குள் 1958 இல் அவர் திருமணம் செய்துவிட்டார். நூல்களுக்குப் படங்கள் தேடிக் கொடுப்பதைப் பிழைப்பாகக் கொண்டார். தெருவில் நடந்ததை நூலாக்கியது ஒரு வீடும், ஒரு வேலையும், ஒரு மேசையும்.

ஆகவே செலவழுங்கலை நான் வேறுவிதமாக வாசிக்க விரும்புகிறேன். தொல்காப்பியத்தில் நிற்பது ஆண் கொடுக்கும் ஆறுதல், முடிவு அவனுடையது. எங்களுக்கு அது போதாது. அவருடைய வினைக்காக நான் நிற்பது தியாகமும் அல்ல, தேற்றலும் அல்ல. அது பயணத்தின் ஒரு பகுதி, தப்ரீஸ் மாரிகாலம் போல. இப்படிச் சொல்வது எனக்கு நானே சொல்லும் வன்புறையாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை.

பயிற்சி ஆவணியில் தொடங்குகிறது. எனக்கு வருடத்துக்கு ஐந்து வார விடுமுறை. அவரது லீவும் ஒத்துவந்தால், பெல்கிரேட் வரை ரெயிலில் போய்வருவது என்று பேசியிருக்கிறோம்.

நான் நூலின் கதையைச் சொல்லிக்கொண்டு போகையில், வெர்னேயின் கோட்டுப்படங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்று கேட்டார். "அந்தப் பொம்பிளையும் படம் கீறுறவ எண்டு சொன்னனீங்கள். அவ கீறினது எங்கை?"

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.