இருபத்திரண்டாம் வயதில் எழுதிய ஒரு பக்கம்

முதுமையில் ஒருவர் நினைவை இழக்கும்போது, அந்த இழப்பு எங்கே தொடங்கியது என்று நாம் கேட்பதில்லை. பிள்ளையின் பெயரை மாற்றி அழைத்த நாளையே தொடக்கமாகக் குறித்துக்கொள்கிறோம். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, இளமையிலேயே அது வேர்கொண்டிருக்கக்கூடும் என்கிறது ஒரு நூல். அமெரிக்க நோய்ப்பரவலியல் அறிஞர் டேவிட் ஸ்னோடன் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏஜிங் வித் கிரேஸ்’ என்பது அதன் பெயர். அது கன்னியர் மடங்களில் நடந்த ஆய்விலிருந்து பிறந்த நூல். ஆகவே நாம் அதைப் பெருமிதத்தோடு வாசிப்பது இயல்பே. ஆயினும், பெருமிதத்தோடு சிறிது எச்சரிக்கையும் வேண்டும்.

நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபை 1833-இல் பவேரியாவில் தோன்றி, 1847-இல் அமெரிக்காவில் காலூன்றியது. கற்பித்தலே அதன் முதன்மைப் பணி. 1986-இல் மினசோட்டா மாநிலத்தின் மன்கேட்டோ நகரிலுள்ள மடத்தில் ஸ்னோடன் தம் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் அது அச்சபையின் பிற மடங்களுக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் நினைவாற்றல் தேர்வு, மடத்து ஆவணங்களைக் காண அனுமதி, இறந்தபின் மூளையைக் கொடையாகத் தருதல் ஆகிய மூன்றையும் அவர் வேண்டினார். 75 வயதை எட்டிய, தகுதியுடைய 1,027 சகோதரிகளுள் 678 பேர் இசைந்தனர்.

ஏன் கன்னியர்? ஒரே உணவு, ஒரே வகை உறைவிடம், ஒரே மருத்துவ வசதி. புகைபிடித்தல் இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. வளர்ந்த பின்னுள்ள வாழ்க்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, முதுமை மட்டும் ஏன் வேறுபடுகிறது? விடையை மடத்துக்கு வருமுன் கழிந்த நாட்களிலும் தேட வேண்டும் என்பதே ஆய்வின் வலிமை. குறைந்த பள்ளிப்படிப்போடு வந்தவர்கள், பட்டம் பெற்ற சகோதரிகளைவிட முன்னதாக இறந்ததையும், முதுமையில் பிறர் துணையை அதிகம் நாடியதையும் ஸ்னோடன் கண்டார். பல பத்தாண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவ்வேறுபாடு அழியவில்லை.

நூலின் உள்ளத்தைத் தொடும் பகுதி மடத்துப் பெட்டகத்தைப் பற்றியது. வார்த்தைப்பாடு கொடுக்குமுன் ஒவ்வோர் இளம் பெண்ணும் பிறப்பு, பெற்றோர், குழந்தைப் பருவம், இறையழைத்தல் ஆகியவை குறித்து ஒரு பக்க அளவில் தன் வரலாறு எழுதியிருந்தாள். அப்போது சராசரி வயது 22. மொழியியல் அறிஞர் சூசன் கெம்பர், அப்பக்கங்களில் பத்துச் சொற்களுக்கு எத்தனை எண்ணங்கள் அடங்குகின்றன என்று கணக்கிட்டார். அதற்கு எண்ணச் செறிவு என்று பெயர். 93 பேரின் எழுத்தை ஆராய்ந்த முடிவு 1996-இல் வெளிவந்தது. அவர்களுள் அதற்குள் இறந்திருந்த 14 பேரின் மூளைகளை நோக்கியபோது, எண்ணச் செறிவு குறைந்திருந்த அனைவரிடமும் அல்சைமர் நோய் உறுதிப்பட்டது. செறிவு மிகுந்த ஒருவரிடமும் அது இல்லை.

வியப்புத்தான். ஆனால் பதினான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதிலும், வறிய பக்கம் நோய்க்குக் காரணமா, அல்லது நோயின் முதற்சுவடா என்ற வினா தீரவில்லை. இளமையில் வளம் பெறாத மூளை பின்னர் தாங்க முடியாமற்போனது என்றும் கொள்ளலாம். இருபது வயதிலேயே நோய் ஓசையின்றித் தொடங்கிவிட்டது என்றும் கொள்ளலாம். முன்னதாயின் கல்வியால் பயனுண்டு; பின்னதாயின் எழுத்து வெறும் அறிகுறியே. இரண்டையும் ஸ்னோடன் நேர்மையாக முன்வைக்கிறார். ஆயினும் கதை சொல்லும் ஆர்வத்தில், அந்த ஒரு பக்கம் விதியெழுத்தாகவே வாசகர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இது நூலின் குறை.

இக்குறைக்கு மருந்தும் நூலிலேயே உண்டு. 101 வயதில் இறந்த சகோதரி மேரியின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன. அவரோ இறுதிவரை தெளிவோடிருந்தார். நோயின் அடையாளம் உள்ளவர்களுள், மூளையில் சிறு இரத்த அடைப்புகளும் நேர்ந்தவர்களுக்கே மறதிநோய் மிகுதியாக வெளிப்பட்டது. ஆகவே எல்லாமே இளமையில் முடிந்துவிடுவதில்லை. 2024-இல் லான்செட் ஆணையமும், மறதிநோயுள் ஏறத்தாழ 45 விழுக்காடு தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்றது. இளமைக் கல்விக்குறை அவற்றுள் ஒன்று. நடுவயதின் இரத்தக் கொதிப்பும், செவிக்குறையும், முதுமையின் தனிமையும் பிற.

எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. சுருங்கச் சொல்லும் எளிய வாக்கியம் வறிய உள்ளத்தின் அடையாளமாகிவிடுமா? அடக்கத்தைப் பயில வந்த ஒரு பெண் தன்னைப்பற்றிக் குறைவாக எழுதியிருக்கலாம் அல்லவா? அளவுகோல் எழுத்தை அளக்கும். எழுதியவரின் மாண்பை அளக்காது. நினைவிழந்த தாயை, ‘படிக்காதவர், அதனால்தான்’ என்று ஒதுக்குவதற்கு இந்நூலைச் சான்றாகக் கொள்வோமானால், நாம் அதைத் தவறாக வாசித்தவர்களாவோம்.

இந்நூல் நமக்கு விடுக்கும் அழைப்பு வேறு. குழந்தையை மடியில் வைத்து வாசித்துக் காட்டுவதும், பெண்பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதிருப்பதும், அவளது எண்பதாம் வயதுக்கும் நாம் செய்யும் தொண்டாகலாம். அந்த வாய்ப்பைப் பெறாமலே முதுமையடைந்தவருக்கு நாம் கடன்பட்டது தீர்ப்பன்று, துணை. மூளையைக் கொடுக்க இசைந்த 678 பேருள் செறிவாக எழுதியவரும் இருந்தனர், எளிமையாக எழுதியவரும் இருந்தனர். இருவர் கொடையும் இன்றி இவ்வுண்மை வெளிப்பட்டிராது.