நிற்பதா, பாய்வதா

ஓடுகிற நாயை எல்லோரும் ரசிப்பார்கள். நிற்கிற நாயை ரசிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கண்டி நகருக்கு மேலே, ஹந்தானைத் தேயிலை நூதனசாலையைத் தாண்டிப் போகும் சரிவில் வாச்சர் மாமாவின் ஆடுகளோடு திரியும் றெக்ஸ் எனக்குப் பிடித்துப்போனது அவன் நிற்கும் நிலையில்தான்.

ஆடுகளில் ஒன்று மானாப்புல்லை விட்டுத் தேயிலைப் பக்கம் தலையைத் திருப்பும். றெக்ஸ் அதை நோக்கி நேராகப் போவதில்லை. பெரிய அரைவட்டம் போட்டு, ஆட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே வந்து சேர்கிறான். கடைசிப் பத்தடியில் ஓட்டம் நடையாகிறது. தலை தோள்மட்டத்துக்கு இறங்குகிறது, வால் தழைகிறது. முன்னங்கால் ஒன்று மடிந்தபடி அந்தரத்தில் நிற்கிறது. குரைப்பு இல்லை, உறுமல் இல்லை, பார்வை மட்டுந்தான். ஆடு சற்று நேரம் முறைத்துவிட்டு, தானே யோசித்து முடிவெடுத்த மாதிரி கூட்டத்துக்குத் திரும்புகிறது. அதன் பிறகே அந்தக் கால் தரைக்கு வருகிறது.

அவன் குலம் கோத்திரம் கேட்டால் மாமா சிரிப்பார். தாய் தோட்டத் தொழிலாளர் லயத்து நாய். அதன் தாய் பன்றி வேட்டைக்குப் போய்வந்தது. தகப்பன் கீழே பங்களாவில் நின்ற அல்சேஷன். மூன்றும் உடம்பில் தெரிகின்றன. முதுகில் அல்சேஷனின் கறுப்புப் போர்வை, கால்களில் ஊர்நாயின் செம்மண் நிறம். நெஞ்சு ஆழமாக இறங்கி, இடுப்பு சடாரென்று ஒடுங்குகிறது. வலது காது விறைத்து நிற்கும். இடது காது பாதியில் மனம் மாறி நுனியை மடக்கிக்கொள்ளும். கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நடுவர் முகத்தைச் சுளிப்பார். எனக்கு அந்த மடிந்த காதுதான் அழகு. ஆட்டைக் கவனிக்கும்போது விறைத்த காது முன்னால் திரும்ப, மடிந்தது பின்னால் மாமாவின் குரலுக்காகக் காத்திருக்கிறது.

நாயின் வேட்டைக் குணம் ஒரே துண்டல்ல, ஒரு வரிசை என்று விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் கொப்பிங்கர். இரையைக் கவனித்தல், கண் பதித்தல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என்று அது போகும். மேய்ப்பு நாய் என்பது இந்த வரிசையில் முன்பகுதி பெருத்து, கவ்வலும் கொலையும் மழுங்கிய நாய். இங்கிலாந்தின் நோர்தம்பர்லாண்டில் 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயை இன்றைய போர்டர் கோலிகளின் மூதாதை என்கிறார்கள். அதன் பெயர் நிலைத்ததற்குக் காரணம் சத்தமில்லாமல் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது.

அல்சேஷனின் மேய்ப்பு வேறு ரகம். 1899இல் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மனியில் அந்த இனத்தை ஒழுங்குபடுத்தியபோது, அங்கே அவற்றின் வேலை பயிருக்கும் மந்தைக்கும் இடையே உழுசால் ஓரமாக நாள்முழுக்க ஓடி ஓடி வேலியாக இருப்பது. இன்று காவலுக்கும் பொலிஸுக்கும் என்று நாம் நினைக்கும் நாய், தொடக்கத்தில் வரப்புக் காத்த நாய். றெக்ஸ் இதைத் தேயிலைக் கான் (வடிகால்) ஓரத்தில் செய்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கான் விளிம்பில் ஒரே சீரான துள்ளுநடையில் போகிறான், திரும்புகிறான், போகிறான். மழை விட்ட மண்ணில் குனிந்து பார்த்தால், பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்தின் மேலேயே விழுந்திருக்கும். தையல் மெஷின் போட்ட கோடு மாதிரி இருக்கும் அது.

பிறகு காற்று திரும்பும். மேலே காட்டோரத்திலிருந்து பன்றி வாடை வரும். எனக்கு ஒன்றும் தெரியாது. றெக்ஸின் மூக்குக்குத் தெரியும். மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது அறுபது இலட்சம் என்றால், நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூக்கைப் பாருங்கள். மூச்சை முன்துளையால் இழுத்து, பக்கத்துக் கீறல் வழியாக வெளியே விடுகிறான். வெளியேறும் மூச்சு உள்ளே வரும் வாடையைக் கலைப்பதில்லை. வால் மெதுவாக மேலே எழுந்து அரிவாளாய் வளைகிறது. பிடரி மயிர் ஒரு கோடாகச் சிலிர்க்கிறது. இரண்டு காதும் முன்னால் வந்துவிடுகின்றன. மாமாவின் குரலுக்கு இப்போது காது இல்லை.

இந்த இடத்தில்தான் நாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி கானைவிட்டு நகர மறுக்கிறது. மறு பாதி ஏற்கெனவே காட்டுக்குள் போய்விட்டது. உடம்பு முன்னால் சாய, பின்னங்கால்கள் நிலத்தைப் பிடித்துக்கொள்ள, தொண்டைக்குள்ளிருந்து மெல்லிய சிணுங்கல் ஒன்று வருகிறது. தனி மேய்ப்பு நாய்க்கு இந்தத் தவிப்பு இல்லை, தனி வேட்டை நாய்க்கும் இல்லை.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் இந்தத் தவிப்பை வேறு விதமாகத் தீர்த்தார். மரையைத் துரத்த மோப்பநாய்களைத் தனியாகவும், பிடித்து நிறுத்தப் பெரிய நாய்களைத் தனியாகவும் வைத்துக்கொண்டு, கடைசியில் தாமே கத்தியோடு இறங்கினார். அவருடைய நாய்களில் ஸ்மட் மனிலா வேட்டைநாயின் கலப்பு. கில்பக் அவுஸ்திரேலிய கிரேஹவுண்ட். அவரது வேட்டைப் புத்தகத்தில் மனிதர்களைவிட இந்த நாய்களுக்குத்தான் முகம் துலக்கமாக இருக்கிறது. கொன்ற கணக்கைப் படிக்க எனக்கு வயிறு புரட்டும். நாய்களைப் பற்றிய பத்திகளை மட்டும் விடமுடியாது. துரைமார் கொண்டுவந்த நாய்கள் அதற்குப் பிறகும் பங்களாக்களில் பெருகின. வேலி தாண்டின. லயத்து நாய்களும் சும்மா இருக்கவில்லை.

இப்படிப்பட்ட நாயைக் கண்டி டவுனில் சங்கிலி போட்டு வளர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். செருப்பைக் கடிக்கிறது, பூச்சட்டியைத் தோண்டுகிறது, ஆட்டோவைத் துரத்துகிறது, பிள்ளைகளின் குதிகாலை உரசி ஒரு மூலைக்கு ஓட்டுகிறது என்று புகார். அது குறும்பல்ல, வேலையில்லாத் திண்டாட்டம். காலையும் மாலையும் நன்றாக ஓடவிட வேண்டும். அடைமழை நாளில் மாமா வைத்திருக்கும் வழி எனக்குப் பிடிக்கும். நெத்தலிக் கருவாட்டுத் துண்டுகளைச் சாக்குகளுக்குள்ளும் விறகுக்கு அடியிலும் ஒளித்துவைத்து, “தேடுடா” என்பார். மூக்கு வேலை செய்து முடிந்ததும் றெக்ஸ் அடுப்படிக்குப் பக்கத்தில் சுருண்டுவிடுவான். கால் ஓடிக் களைப்பதைவிட மூளை ஓடிக் களைப்பது சீக்கிரம்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை. அதையும் ரசித்துப் பார்க்க வேண்டியதுதான். றெக்ஸ் ஒவ்வொரு காலாக நீட்டுகிறான், மாமா விரல் இடுக்கைப் பிரிக்கிறார். மழைக்காலமென்றால் அட்டை அங்கேதான் இருக்கும். பிய்த்து இழுக்காமல், நகத்தால் உறிஞ்சும் முனையைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறார். நாசித் துளைக்குள் போயிருந்தால் மட்டும் கைவைக்காமல் வைத்தியரிடம். அடுத்து உண்ணி: காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டிக்கு அடி, வாலின் அடி. கடைசியாக மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். ரோஸ் நிறம் என்றால் சரி. வெளுத்திருந்து, மூத்திரமும் கறுத்து, நாய் சோறு வேண்டாமென்று படுத்தால் உண்ணிக் காய்ச்சல். இரத்தத்துக்குள் புகுந்து சிவப்பணுக்களை உடைக்கும் பபீசியா கிருமியின் வேலை அது. நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா மருத்துவமனை பக்கத்தில் இருப்பது கண்டிக்காரர்களின் அதிர்ஷ்டம். வருடாவருடம் போடும் விசர்நாய்த் தடுப்பூசியைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை; அந்த நோய்க்கான கட்டளைச் சட்டமே 1893இலிருந்து இருக்கிறது.

சாப்பாடு சோறும் மீனும் பூசணியும். ஓடிவந்த மூச்சு அடங்கிய பிறகே தட்டு வரும். சாப்பிட்டதும் ஓட்டம் கிடையாது, ஆழமான நெஞ்சுள்ள நாய்க்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சமைத்த எலும்பு இல்லவே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பராமரிப்பு ஒரு சீழ்க்கைதான். தோட்டங்களில் பன்றிக்கென்று கட்டும் கம்பிச் சுருக்கு எதையும் பார்த்துப் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி என்ற ஊரில் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்தது. நாய்களும் மாட்டுகின்றன. அதனால் குட்டியாக இருந்தபோதே, சீழ்க்கை கேட்டுத் திரும்பி வந்தால் கருவாடு என்று மாமா பழக்கிவிட்டார். இப்போதும் பையில் ஒரு துண்டு இருக்கும்.

பன்றி வாடையில் அவன் தவித்து நிற்கும் அந்த நொடியில்தான் சீழ்க்கையை விடுவார். பாய்ந்த பிறகு விட்டுப் பயனில்லை என்பார். மடிந்த காது முதலில் பின்னால் திரும்பும்.

“இவன் வேட்டைக்கும் போகமாட்டான், வீட்லயும் கெடக்கமாட்டான். நமக்கு ஆடு பாத்தா போதும் தம்பி,” என்று சொல்லிக்கொண்டே கருவாட்டை எடுத்தார். றெக்ஸ் ஓடிவந்து வாங்கிக்கொண்டு, மென்றபடியே கான் ஓரத்துக்குப் போனான். இரண்டு ஆடுகள் அதற்குள் கானைத் தாண்டியிருந்தன.